உணவுத் தொழிலுக்கு உரிமமும் பதிவும்: 31-ஆம் பிரிவின் விளக்கவுரை

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தால் இயற்றப்பெற்றது. உரிமம் பற்றிய ஒழுங்குமுறைகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் நின்ற 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் இதனால் நீங்கிற்று. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, உணவுத் தொழில் செய்யப் புகுவார்க்கு வேண்டும் உரிமமும் பதிவும் கூறுவது. பத்து உட்பிரிவுகளை உடையது. மூலம் ஆங்கிலத்தது ஆகலின், அதன் பொருளைத் தமிழில் வைத்து ஈண்டு உரை கூறப்படும்.

இதனைக் கற்றற்கு உரியார் யாவர் எனின், உத்தரமேரூர் வட்டத்தில் முறுக்குச் சுட்டு விற்கவும், மாவரைத்து விற்கவும், செக்கில் எண்ணெய் ஆட்டவும், சிற்றுண்டிக் கடை வைக்கவும் எண்ணுவார் யாவரும் என்க. கற்றதனால் ஆகும் பயன், தன் கடமை இது, அலுவலர் கடமை இது எனப் பிரித்தறிந்து, இடைத்தரகரை நாடாது தானே விண்ணப்பித்தலாம். இப்பிரிவு கடைக்காரரை மட்டுமே கட்டுவது என்பாரும் உளர். அது பொருந்தாது. ஒவ்வோர் உட்பிரிவும் யாரை நோக்கி விதித்தது என வினவிச் செல்லின், அலுவலரைக் கட்டும் விதிகளும் நிகராக நிற்றல் புலனாம்.

நூல் (1): உரிமத்தின் கீழன்றி, எவரும் எந்த உணவுத் தொழிலையும் தொடங்குதலோ நடத்துதலோ கூடாது.

உரை: 'எவரும்' என்புழி உம்மை முற்றும்மை. தனியொருவர், கூட்டாளிகள், கூட்டுறவுச் சங்கம், மகளிர் சுய உதவிக் குழு, அறக்கட்டளை என யாவும் இதனுள் அடங்கும்.

'எந்த உணவுத் தொழிலையும்' என்பதன் எல்லை இச்சட்டத்தின் 3-ஆம் பிரிவில் வரையறுக்கப்பட்டது. இலாபம் கருதினும் கருதாவிடினும், அரசினதாயினும் தனியாரதாயினும், உணவை ஆக்கல், பதப்படுத்தல், பொட்டலமிடல், சேமித்தல், ஏற்றிச் செல்லல், பகிர்தல், இறக்குமதி செய்தல், சமைத்துப் பரிமாறல், விற்றல் என்னும் இவற்றுள் எதனை எந்நிலையிற் செய்யினும் அஃது உணவுத் தொழிலேயாம். 'இலாபம் கருதாவிடினும்' என்றதனான் அன்னதானக் கூடமும் அடங்கிற்று. 'எந்நிலையில்' என்றதனான் அடுப்பு இல்லாத கிடங்கும், பொருளை ஏற்றிச் செல்லும் வண்டியும் அடங்கின. நெருப்பு மூட்டுவார்க்கே உரிமம், வாங்கி விற்பார்க்கு வேண்டா என எண்ணுதல் இதனாற் பிழையாதல் காண்க.

அங்ஙனமாயின் வயலில் வேர்க்கடலை பறிக்கும் உழவர்க்கும் இவ்விதி செல்லுமோ எனின், செல்லாது. 18-ஆம் பிரிவு உழவரையும் மீனவரையும், பண்ணை அளவில் அவர் விளைத்த பொருளையும் இச்சட்டத்தினின்று விலக்கிற்று. ஆகவே, தன் நிலத்துக் கடலையை மூட்டையாக விற்கும் உழவர் விண்ணப்பிக்க வேண்டுவதில்லை. அக்கடலையை வறுத்து, வெல்லப்பாகு கூட்டி உருண்டை பிடித்துக் கண்ணாடிப் புட்டியில் இட்டுக் கடையில் வைப்பின், அப்பொழுதே அவர் உணவுத் தொழில் செய்வாராயினார். நெல்லும் கடலையும் கரும்பும் விளையும் இவ்வட்டாரத்தில் உழவரே பலகாரமும் விற்பாராதல் உண்டு. ஆகலின் இவ்வெல்லை ஊன்றி அறியத்தக்கது.

'தொடங்குதலோ நடத்துதலோ' என வினை இரண்டு வைத்தது என்னையெனின், தொடங்குதல் மட்டும் கூறின், சட்டம் வருமுன்னரே கடை வைத்திருந்தோர் தமக்கு இது பொருந்தாது என்பர். அதனை விலக்குதற்கு 'நடத்துதலோ' என்றார். பாட்டன் வைத்த கடையாயினும் இன்று நடக்குமாயின் விதிக்கு உட்பட்டதே.

'கீழன்றி' என்னும் சொல் பொருள் மிக உடைத்து. 'உரிமம் இன்றி' என்னாது 'உரிமத்தின் கீழன்றி' என்றதனான், தாளைப் பெற்றுப் பெட்டியில் வைத்திருத்தல் போதாது, அதன் நிபந்தனைக்கு உட்பட்டு நாடோறும் ஒழுகுதலும் வேண்டும் என்பது பெறப்பட்டது.

இனி, இவ்வுரிமம் ஒன்றே அமையுமோ எனின், அமையாது. இப்பிரிவு உணவு பற்றியது. பிற சட்டங்கள் கேட்பன வேறு. உத்தரமேரூர் பேரூராட்சி எல்லைக்குள் கடை வைப்பார் பேரூராட்சியின் தொழில் உரிமம் பற்றி அவ்வலுவலகத்தில் வினவி அறிதல் வேண்டும். தராசும் எடைக்கல்லும் சட்டமுறை எடையளவுத் துறையின் முத்திரை பெற்றனவாதல் வேண்டும். தமிழ்நாட்டில் அத்துறை தொழிலாளர் துறையைச் சார்ந்தது. பொட்டலமிட்டு விற்பின், செய்தவர் பெயரும் முகவரியும், நிகர எடையும், அதிகபட்ச சில்லறை விலையும், ஆக்கிய திங்களும் ஆண்டும் அதன்மேல் பொறித்தல் வேண்டும். பொருள் விற்பார்க்குச் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைக் கடந்தால் தமிழ்நாட்டிற் கட்டாயமாம். 2020 ஜூலை 1 முதல் நடக்கும் 'உத்யம்' பதிவோ கட்டணம் அற்றது. ஆதார் கொண்டு தானே செய்துகொள்ளத்தக்கது. கடனுக்கும் சலுகைக்கும் உதவுவது. ஆயினும் அஃது உணவு விற்க அனுமதி ஆகாது. உத்யம் சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி, எல்லாம் முடிந்தது என்றிருப்பார் பலர் ஆகலின் ஈண்டு இது விதந்து கூறப்பட்டது.

நூல் (2): தானே உணவுப் பண்டம் செய்யும் அல்லது விற்கும் சிறு உற்பத்தியாளர், சிறு சில்லறை வணிகர், கூவி விற்போர், சுற்றித்திரிந்து விற்போர், தற்காலிகக் கடை வைப்போர், உணவு சார்ந்த சிறுதொழில், குடிசைத்தொழில், மிகச்சிறு தொழில் செய்வோர் ஆகியோர்க்கு மேலது பொருந்தாது, ஆயினும் அவர், ஒழுங்குமுறை கூறும் அதிகாரியிடம் கூறும் முறையில் பதிவு செய்துகொள்ளல் வேண்டும், தூய பாதுகாப்பான உணவு கிடைத்தலுக்கும் நுகர்வோர் நலனுக்கும் ஊறு நேராவண்ணம்.

உரை: மேல் பொதுவகையான் விலக்கியதற்கு ஈண்டு சிறப்புவகையான் புறனடை கூறுகின்றது. பெரும்பாலான ஊர்க்கடைகள் நிற்பது இவ்வுட்பிரிவில் ஆகலின், கற்பார் ஈண்டு நின்று செல்க.

'தானே' என்பதன் ஏகாரம் பிரிநிலை. பிறரை வைத்துப் பெருக ஆக்குவிக்கும் ஆலையினின்று, தன் கையால் பிழிந்து தன் கையால் நிறுத்து விற்பாரைப் பிரித்து நிறுத்திற்று. 'சிறு சில்லறை வணிகர்' என்றது பெட்டிக்கடைக்காரரை. 'கூவி விற்போர்' என்றது தள்ளுவண்டியிலும் தலைச்சுமையிலும் விற்பாரை. 'சுற்றித்திரிந்து விற்போர்' என்றது மிதிவண்டியிலும் டிவிஎஸ் வண்டியிலும் மூட்டை கட்டி ஊர்தோறும் செல்வாரை. 'தற்காலிகக் கடை' என்றது திருவிழாக் கடையை. பெருநகர் என்னும் ஊரில் தைப்பூசத்தன்று செய்யாற்றங்கரையில் இடும் பொரிகடலைக் கடையும் மிட்டாய்க் கடையும் போல்வன. சிலநாட் கடைக்குப் பதிவு எதற்கு என்பார்க்கு இச்சொல்லே விடையாம்.

'சிறு' என்பதன் அளவு பிரிவிற் கூறப்படவில்லை, ஒழுங்குமுறைக்கு விடப்பட்டது. 2011-இன் ஒழுங்குமுறை அதற்குக் கண்ட அளவு: ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமை, ஆக்கம் நாளொன்றுக்கு 100 கிலோ அல்லது 100 லிட்டருக்கு மேற்படாமை, பாலாயின் கொள்முதலும் கையாளலும் நாளொன்றுக்கு 500 லிட்டர் வரை. 100 லிட்டர் என்றது எத்துணையெனக் காணல் வேண்டின், பத்து லிட்டர் கொள்ளும் மாவரைக்கும் கிரைண்டர் ஒருநாளில் பத்து முறை நிறைந்து ஒழிதல் வேண்டும். வீட்டுத் திண்ணையில் இட்லி மாவு விற்பார் அவ்வளவை எட்டுதல் அரிது. அளவைச் சட்டத்தின் உள்ளே வையாது புறத்தே வைத்தது, காலந்தோறும் விலைவாசிக்கு ஏற்ப மாற்றுதற்கு வாய்ப்பாக என்க. ஆகலின் விண்ணப்பிக்கும் நாளில் நடக்கும் அளவு யாதென வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுத் தெளிதல் முறை.

'ஆயினும்' என்னும் இடைச்சொல்லே இவ்வுட்பிரிவின் உயிர். 'பொருந்தாது' என்றவுடன் விடுதலை பெற்றோம் என எழுந்து போவாரை இச்சொல் கைப்பிடித்து நிறுத்துகின்றது. உரிமம் நீங்கிற்று, பதிவு நீங்கவில்லை. பதிவு எளிது: 'அ' படிவம், புகைப்படம், அடையாளச் சான்று, ஆண்டொன்றுக்கு 100 ரூபாய் எனும் அளவிற் கட்டணம் என 2011-இன் ஒழுங்குமுறை வகுத்தது. இன்று ஃபாஸ்காஸ் எனும் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அருகிலுள்ள இ-சேவை மையத்தின் துணை கொண்டும் செய்யலாம். விண்ணப்பம் கிடைத்த 7 நாளுள் பதிவு வழங்கலோ, காரணம் எழுதி மறுத்தலோ, ஆய்வுக்கு அறிவிப்பு விடுத்தலோ செய்தல் வேண்டும் என அலுவலர்க்கும் ஒழுங்குமுறை நாள் குறித்தது. அவ்வேழு நாளில் இம்மூன்றுள் ஒன்றும் நிகழாதாயின் தொழில் தொடங்கலாம். ஆய்வுக்கென நிறுத்தி 30 நாளுள் முடிவு தெரிவிக்காவிடினும் அவ்வாறே தொடங்கலாம்.

பதிவானபின் கிடைப்பது 14 இலக்க எண். அதன் முதலிலக்கம் 2 ஆயின் பதிவு, 1 ஆயின் உரிமம். கடைச்சுவரில் உள்ள எண்ணின் முதலிலக்கத்தை நோக்கியே ஒருவர் எவ்வகையில் நிற்கின்றார் என உணரலாம்.

'ஊறு நேராவண்ணம்' என ஈற்றில் வைத்தது, சிறியார்க்கு நடைமுறையை எளிதாக்கியதேயன்றித் தூய்மையைத் தளர்த்தியதன்று என்றற்கு. பதிவு செய்தார் சுட்ட எண்ணெயையே மீண்டும் மீண்டும் காய்ச்சுதலும், அச்சிட்ட செய்தித்தாளில் வடை மடித்துக் கொடுத்தலும் இச்சொற்களால் விலக்கப்பட்டன எனக் கொள்க. உண்பார்க்கு வரும் தீங்கு கடையின் அளவு பார்த்து வருவதன்று.

இவ்வாறு பொதுவிதி வைத்து அதன்பின் சிறியார்க்கு வழி வைக்கும் மரபு இவ்வூர்க்குப் புதிதன்று. உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் பொறித்தன, குடவோலைக்குப் பெயர் இடத் தகுதியுடையார் யார் எனக் கூறும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடைமை அவற்றுள் ஒன்று. அதனை அடுத்தே, அரைக்கால் நிலமே உடையாராயினும் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்று எடுத்துரைக்க வல்லாராயின் கொள்ளப்படுவர் எனப் புறனடையும் வைத்தது. ஆண்டு நிலம் குறைந்தார்க்குக் கல்வி நின்றவிடத்து, ஈண்டு உரிமம் வேண்டார்க்குப் பதிவு நிற்கின்றது. இரண்டிடத்தும் அளவிற் குறைந்தாரை விலக்காது வேறொன்று கொண்டு உள்ளே கொணர்தல் ஒத்த கருத்து.

நூல் (3): தொழில் தொடங்கவோ நடத்தவோ விரும்பும் எவரும், ஒழுங்குமுறை கூறும் விவரமும் கட்டணமும் உடன்வைத்து, நியமன அலுவலர்க்கு உரிமம் வேண்டி விண்ணப்பித்தல் வேண்டும்.

உரை: இது பதிவின் அளவைக் கடந்தார்க்கு உரியது. 'நியமன அலுவலர்' என்பார் 36-ஆம் பிரிவின்படி அமர்த்தப்பெற்று மாவட்டத்து உணவுப் பாதுகாப்பு நிருவாகத்தைத் தாங்குவார். கோட்டாட்சியர் நிலைக்குத் தாழாதவராதல் வேண்டும். உத்தரமேரூரார்க்கு அவர் காஞ்சிபுரம் மாவட்டத்தவர். படிவம் 'ஆ'.

நூல் (4): விண்ணப்பம் பெற்ற நியமன அலுவலர் உரிமம் வழங்கலாம், அல்லது, பொதுச் சுகாதார நலன் கருதி மறுத்தல் இன்றியமையாதது எனத் தெளிந்தவழி, விண்ணப்பித்தவர் கூற்றைக் கேட்க வாய்ப்பளித்து, காரணங்களை எழுத்தில் வைத்து மறுக்கலாம், ஆணையின் படியை அவர்க்கு அளித்தல் வேண்டும். ஆயின், விண்ணப்பித்த நாள்முதல் இரண்டு திங்களுள் உரிமம் வழங்கப்படாமலும் விண்ணப்பம் மறுக்கப்படாமலும் இருப்பின், அக்காலம் கழிந்தபின் விண்ணப்பித்தவர் தொழிலைத் தொடங்கலாம்; அந்நிலையில் அலுவலர் உரிமம் மறுத்தல் கூடாது; வேண்டுமெனக் கருதின் 32-ஆம் பிரிவின்கீழ் மேம்பாட்டு அறிவிப்பு விடுக்கலாம்.

உரை: இப்பிரிவின் நடுமணி இவ்வுட்பிரிவே. இதனைத் தெளியக் கற்றார் எந்த அலுவலகத்தின் முன்னும் தயங்கி நில்லார்.

'அல்லது' என்றதனான் அலுவலர்முன் இரண்டே வழி வைக்கப்பட்டது: வழங்கல், மறுத்தல். வைத்துக்கொண்டு வாளாவிருத்தல் என்னும் மூன்றாம் வழி கூறப்படவில்லை. மறுத்தற்கோ நான்கு கட்டு. கூற்றைக் கேட்டல் ஒன்று. காரணத்தை எழுத்தில் வைத்தல் ஒன்று. அக்காரணம் பொதுச் சுகாதாரம் பற்றியதாதல் ஒன்று. ஆணைப்படியைக் கையில் அளித்தல் ஒன்று. 'பொதுச் சுகாதார நலன் கருதி' என்றதனான், ஒரே தெருவில் கடை பல உள்ளன என்பது பற்றியோ ஆள் இன்னார் என்பது பற்றியோ மறுத்தல் செல்லாது. 'காரணங்களை எழுத்தில்' என்றதனான் வாய்மொழி மறுப்பு மறுப்பாகாது. 'போய்ப் பின்னர் வாருங்கள்' என்ற அளவில் விண்ணப்பம் மறுக்கப்பட்டது எனக் கொள்ளற்க.

'ஆயின்' என்பது முதலாயின விலக்கின் விலக்கு. 'விண்ணப்பித்த நாள்முதல்' என்றதனான், அலுவலர் கண்ட நாள் முதல் அன்று எனவும், ஆகலின் விண்ணப்ப எண்ணும் கட்டண ரசீதும் நாளோடு பத்திரப்படுத்தல் வேண்டும் எனவும் கொள்க. அந்நாளைக் காட்ட இயலாதார்க்கு இப்பாதுகாப்புப் பயன் தாராது.

இனி ஓர் ஐயம்: இரண்டு திங்கள் கழிந்தால் உரிமமே பிறந்துவிட்டதாமோ? அன்று. நூல் கூறியது 'தொடங்கலாம்' என்பதே. உரிமம் பின்னரும் வழங்கப்படல் வேண்டும். ஆயின் அதனை 'மறுத்தல் கூடாது' என அலுவலர் கை கட்டப்பட்டது. குறை உண்டெனக் கண்டால் அவர்க்கு எஞ்சிய வழி மேம்பாட்டு அறிவிப்பு. அதில் குறை இது, செய்யத்தக்கது இது எனக் காட்டி, 14 நாளுக்குக் குறையாத காலம் கொடுத்தல் வேண்டும். கூரையில் ஒட்டடையும், கைகழுவ நீரின்மையும், மூடியில்லாக் குப்பைத் தொட்டியும் இவ்வறிவிப்பால் திருத்தத்தக்க குறைகள். அறிவிப்புக்குப் பின்னும் திருத்தாதார்க்கு உரிமம் நிறுத்தமும், அதன்பின் நீக்கமும்.

நூல் (5): உரிமம் ஒழுங்குமுறை கூறும் வடிவிலும் நிபந்தனைக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும்.

உரை: மேல் (1)-இல் 'கீழ்' என்ற சொல்லுக்குக் கூறியதே ஈண்டும் ஒக்கும். உரிமத்தைப் பார்வையில் படுமாறு வைத்தல் நிபந்தனைகளுள் ஒன்று.

நூல் (6), (7): ஒரே பகுதியில் ஒன்றோ பலவோ ஆகிய உணவுப் பண்டங்கட்கும் வெவ்வேறு இடங்கட்கும் ஒரே உரிமம் வழங்கலாம், இடங்கள் வெவ்வேறு பகுதியில் இருப்பின் தனித்தனி விண்ணப்பமும் தனித்தனி உரிமமும் வேண்டும்.

உரை: 'பண்டங்கட்கு' என்றதனான் முறுக்குக்கு ஒன்று, அதிரசத்துக்கு ஒன்று எனத் தனித்தனி வாங்க வேண்டுவதில்லை. இடத்தைப் பற்றியதில் 'வழங்கலாம்' என இசைவளவில் நின்றது. முகவரிதோறும் எண் பெறுதலே நடைமுறை வழக்கு. 'வெவ்வேறு பகுதி' என்பதற்கு உத்தரமேரூரில் ஆக்கி வந்தவாசியிலும் மதுராந்தகத்திலும் கிளை வைப்பாரை நினைக்க. முன்னது திருவண்ணாமலை மாவட்டம். பின்னது, 2019-இல் காஞ்சிபுரத்தினின்று பிரிந்த செங்கற்பட்டு மாவட்டம். சாலைத் தொலைவு சிறிதாயினும் அலுவலர் வேறு. ஆகலின் உரிமமும் வேறு.

நூல் (8): உரிமம் மறுத்த ஆணைமேல் உணவுப் பாதுகாப்பு ஆணையரிடம் மேன்முறையீடு செல்லும்.

உரை: மேல் 'காரணங்களை எழுத்தில்', 'படியை அளித்தல்' என்றவை எதன்பொருட்டு என்பது ஈண்டு விளங்கும். எழுத்தும் படியும் இன்றி மேன்முறையீடு செய்யுமாறு இல்லை. ஆணை கைக்கு வந்தபின் காலந்தாழ்த்தற்க.

நூல் (9): உரிமம் நிறுத்தப்பட்டாலோ நீக்கப்பட்டாலோ அன்றி, ஒழுங்குமுறை கூறும் காலமளவும் நடக்கும், காலம் முடியுமுன் புதுப்பிக்க விண்ணப்பித்தால், அவ்விண்ணப்பத்தின்மேல் ஆணை பிறக்குமளவும் உரிமம் நடப்பிலேயே நிற்கும்.

உரை: 'முடியுமுன்' என்பதே ஈண்டு காக்கத்தக்க சொல். முன்னாள் விண்ணப்பித்தார்க்கும் மறுநாள் விண்ணப்பித்தார்க்கும் உள்ள வேறுபாடு பெரிது: முன்னவர் அலுவலர் காலந்தாழ்ப்பினும் கடை திறக்கலாம், பின்னவர் உரிமமின்றி நடத்துவாராயினார். ஒழுங்குமுறை 30 நாள் முன்னரே விண்ணப்பிக்க வேண்டும் எனவும், பிந்தின் நாளொன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம் எனவும் வகுத்ததே, அது நூலோடு மாறுகொளாதோ எனின், கொளாது. நூல் கூறியது உரிமம் நிற்றற்கு எல்லை. ஒழுங்குமுறை கூறியது கட்டணமின்றி விண்ணப்பித்தற்கு எல்லை. சுவரில் மாட்டிய நாட்காட்டியில் முடிவுநாளை அன்று, அதற்கு இரு திங்கள் முன்னுள்ள நாளை வட்டமிட்டு வைத்தல் நன்று.

நூல் (10): உரிமம் உடையவர் இறப்பின், அவர்தம் சட்டமுறைப் பிரதிநிதிக்கோ குடும்பத்தார் எவர்க்குமோ பயன்படுமாறு, இறந்த நாள்முதல் மூன்று திங்கள் வரையிலும், அல்லது நியமன அலுவலர் இசையும் அதனின் நெடிய காலம் வரையிலும் உரிமம் நிலைபெறும்.

உரை: 'குடும்பத்தார் எவர்க்குமோ' என்றதனான், மூத்த மகனே வேண்டும் என்பது இன்றி, மனைவியோ மகளோ கடையைத் திறந்து நடத்தலாம். இஃது இல்லையாயின் இறந்தவர் உரிமம் அவரோடு ஒழிந்து, அடுப்பங்கரையில் உள்ள அரிசி மாவும் எண்ணெயும் விற்கப்படாது கெடும். வேலையாட்கள் கூலியும் தடைப்படும். 'மூன்று திங்கள்' என எண்ணி வைத்தது, அதற்குள் தம் பெயரில் விண்ணப்பித்துக்கொள்ளற்பொருட்டு. 'அல்லது' என்றதனான் காலநீட்டிப்பு உண்டு. 'அலுவலர் இசையும்' என்றதனான் அது தானே வாராது, மூன்று திங்கள் முடியுமுன் இறப்புச் சான்றிதழோடு எழுத்தில் வேண்டிப் பெறுவது என்க.